பெர்சி என்றோர் ஊர்

பிரெஞ்சுப் பத்திரிகைகளைப் புரட்டுகிற வழக்கம் உள்ளவர்கள், பெர்சி சம்மதிக்கவில்லை என்றும், பெர்சி கணக்குக் கேட்கிறது என்றும், பெர்சிக்கும் இன்ன அமைச்சருக்கும் மனஸ்தாபம் என்றும் வரும் செய்திகளை அடிக்கடி கண்டிருப்பார்கள். விஷயம் அறியாத ஒருவர் அவற்றைப் படித்தால், பெர்சி என்பது யாரோ கை இறுகிய, முகம் கொடுத்துப் பேசாத ஒரு பெரிய மனிதரின் பெயர் என்றே எண்ணிக்கொள்ளக்கூடும். பிரான்சின் நிதி அமைச்சகத்துக்குத்தான் அந்நாட்டார் இப்படிப் பெயர் வைத்து அழைக்கிறார்கள். வரி போடுவதும், போட்ட வரியைத் தண்டுவதும், பிற இலாகாக்கள் கேட்கும் பணத்தை இல்லையென்று சொல்வதும் ஆகிய சகல காரியங்களும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டன. ஆனால் அந்தப் பெயர் ஆதியில் ஓர் ஊருக்கு உரியது. அதுவும், வரி கொடுக்காமல் இருப்பதையே பிழைப்பாக வைத்துக்கொண்டு எழுபது ஆண்டுக் காலம் செழித்து, 1860 ஜனவரி முதல் தேதியன்று பாரிஸ் நகரத்தால் விழுங்கப்பட்ட ஒரு சிற்றூருக்கு உரியது என்பதை நினைக்கும்போது, சரித்திரத்துக்கும் சில சமயங்களில் பரிகாச புத்தி உண்டு என்றே தோன்றுகிறது.

ஊர் என்று நான் சொல்வதைப் பிரெஞ்சுக்காரர் ‘கொம்யூன்’ என்பார்கள். இச்சொல் தமிழருக்குப் புதிதன்று. 1880-ஆம் ஆண்டில் பிரெஞ்சு சர்க்கார் தன் நாட்டு முறையை ஒட்டிப் புதுச்சேரிப் பிரதேசத்தையும் கொம்யூன்களாகப் பிரித்தது. பிரெஞ்சுக்காரர் போய் இத்தனை காலத்துக்குப் பிறகும் அங்கே ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்ற பெயர் வழக்கொழியவில்லை. பிரான்சில் இவ்வமைப்பு 1789-ஆம் ஆண்டுப் புரட்சியின் குழந்தை. அதுவரை கோயில் பங்குகளாகவும் பிரபுக்களின் ஆதீனங்களாகவும் கிடந்த ஊர்களுக்கெல்லாம், பெரிது சிறிது என்ற பேதமில்லாமல், மேர் என்னும் ஊர்த்தலைவர் ஒருவரும் ஒரு சபையும் ஒரு கணக்குப் புஸ்தகமும் உண்டு என்று புரட்சிக்காரர் சட்டம் செய்தார்கள். அன்று ஏற்பட்ட ஊர்களில் பெரும்பாலானவை இன்னும் நிற்கின்றன. நம் காலத்தில் சிற்றூர்களை ஒன்றோடொன்று இணைப்பதற்குச் சலுகைகள் பல காட்டியதன் பயனாக 36,000-க்கு மேல் இருந்த எண்ணிக்கை 35,000-க்குக் கீழே இறங்கியிருக்கிறதே தவிர, தங்கள் ஊர்ப் பெயரை விட்டுக்கொடுப்பதில் பிரெஞ்சுக் கிராமத்தாருக்கு உள்ள தயக்கம் குறைந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. இணைப்பு என்றாலே, பெரிய ஊரின் வாசலில் சின்ன ஊர் ஒரு தெருவாகப் போய் நிற்க வேண்டிவரும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. பெர்சியின் கதை அப்பயத்துக்கு ஓரளவு ஆதாரம், ஓரளவு மறுப்பு.

சேன் நதி பாரிஸுக்குள் பிரவேசிப்பதற்குச் சற்று முன்பு, அதன் வலக்கரையில், தாழ்ந்த, ஈரமான, அடிக்கடி வெள்ளம் புகுகின்ற நிலப்பரப்பில் பெர்சி இருந்தது. மனித வாசம் அங்கே மிகப் பழைமையானது. 1990-களின் தொடக்கத்தில் அவ்விடத்தைத் தோண்டியபோது, ஒரே ஓக் மரத்தைக் குடைந்து செய்த புதிய கற்காலத்து ஓடங்கள் சேற்றிலிருந்து வெளிவந்தன. அவற்றை இன்று பாரிஸ் நகரச் சரித்திரத்துக்கென்றே அமைந்த கார்னவாலே காட்சிசாலையில் காணலாம். ஓடக்காரர் வாழ்ந்த அக்கரையில், பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில், மாலோன் என்ற குடும்பத்தாருக்காக பிரான்சுவா லெ வோ என்ற சிற்பி பெரியதொரு மாளிகை எழுப்பினார். மாளிகையும், அதைச் சூழ்ந்த நந்தவனமும், நதியை நோக்கிய மேடையும், தோட்டக்காரரும், வண்ணாரும், செம்படவரும், விறகுத் தொட்டிக்காரரும் என்ற அளவில்தான் ஊர் நெடுங்காலம் இருந்தது. 1790-இல் அது கொம்யூன் ஆயிற்று. ஆனால் பெர்சியை உண்மையில் உண்டாக்கியது புரட்சியின் சட்டமன்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகப் பாரிஸைச் சுற்றி எழும்பிய ஒரு சுவர்.

அச்சுவரைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். பாரிஸ் நகரத்துக்குள் வருகிற மது, இறைச்சி, விறகு, வைக்கோல் முதலிய பண்டங்கள்மீது வாயிலிலேயே நுழைவுத் தீர்வை வாங்குவது பழைய வழக்கம். ‘ஒக்த்ருவா’ என்று அதற்குப் பெயர். மன்னர் ஆட்சியில் இத்தீர்வையைத் தண்டும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்த செல்வர் கூட்டம் ஒன்று இருந்தது. நகரத்துக்குத் திட்டமான எல்லை இல்லாமையால் பண்டங்கள் சந்து வழியாகவும் தோட்டம் வழியாகவும் தப்பிப்போகின்றன என்று கண்ட அக்குத்தகைதாரர்கள், 1784-ஆம் ஆண்டு தொடங்கி, ஏறக்குறைய 24 கிலோமீட்டர் நீளத்துக்கு, மூன்று மீட்டருக்குச் சற்று மிகுந்த உயரத்தில், பாரிஸைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். பகைவரைத் தடுக்க மதில் கட்டிய அரசர்கள் எத்தனையோ பேர். இவர்களோ பீப்பாய்களைத் தடுக்க மதில் கட்டினார்கள். இந்த யோசனைக்கு முதல்வர், பிராணவாயுவின் இயல்பை உலகுக்கு விளக்கிய ரசாயன மேதை லாவுவாஸியே. அவரும் அக்குத்தகைக் கூட்டத்தில் ஒரு பங்காளி. வாயில்களில் லெது என்ற சிற்பி தூண்களும் கூரைமாடங்களுமாகக் கிரேக்கக் கோயில்களைப் போன்ற சுங்கச்சாவடிகளைக் கட்டினார். காசு பிடுங்குகிற இடத்துக்குக் கோயில் எதற்கு என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். மதில், முணுமுணுப்பு என்ற இரண்டு பிரெஞ்சுச் சொற்களும் ஒலியில் நெருங்கியிருப்பதை வைத்துச் சிலேடை பாடிச் சிரித்தார்கள். பிறகு 1789 ஜூலை மாதத்தில், பாஸ்திய் சிறைக்கோட்டை விழுவதற்கு முந்திய இரவுகளில், அச்சாவடிகளில் பலவற்றுக்குத் தீ வைத்தார்கள். லாவுவாஸியேயின் தலை 1794 மே மாதத்தில் வெட்டுண்டது. ரசாயனத்துக்காக அல்ல, குத்தகைக்காக.

புரட்சி சர்க்கார் 1791 மே மாதத்தில் நுழைவுத் தீர்வையை ஒழித்தது. ஆனால் ஜனங்களின் கோபம் எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை நகரத்தின் பணமுடை. ஆஸ்பத்திரிகளுக்கும் ஏழைகளின் சம்ரக்ஷணைக்கும் வழியில்லை என்று காரணம் சொல்லி 1798-இல் தீர்வை திரும்பி வந்தது. இடிபடாமல் நின்ற மதில் மறுபடி தன் உத்தியோகத்தில் அமர்ந்தது. மலிவான மது ஒரு பீப்பாய் வாயிலைக் கடக்கும்போது, அதன்மேல் விழும் வரி அந்த மதுவின் அடக்கவிலையையே எட்டிவிடும் என்றால், மதிலுக்கு உட்புறத்தில் ஒரு விலையும் வெளிப்புறத்தில் ஒரு விலையுமாக ஒரே சரக்கு விற்கப்பட்டது என்று அர்த்தம். இந்த விலை வித்தியாசம் என்ற வயலில் விளைந்த பயிர்தான் பெர்சி. மதிலுக்கு வெளியே, மதிலை ஒட்டி, நதிக்கரையில், நகரத்துக்கு மேற்பக்க நீரோட்டத்தில் இருந்தமையால், அதற்கு வாய்த்த ஸ்தல மகிமை வேறெந்த ஊருக்கும் வாய்க்கவில்லை.

மது எப்படி வந்தது என்று பார்க்கலாம். பர்கண்டிப் பிரதேசத்துத் திராட்சை மது, யோன் என்ற உபநதியில் படகேறி, சேன் நதியில் கலந்து, நீரோட்டத்தோடு மிதந்து வரும். லுவார் நதிக்கரை மது, 1642-இல் வெட்டி முடித்த பிரியார் கால்வாயின் வழியாக வரும். 1832-இல் பர்கண்டிக் கால்வாய் பூர்த்தியானதும், சோன் நதிப் பக்கத்துச் சரக்கும் தண்ணீர் வழியாகவே வந்து சேரலாயிற்று. இப்படகுகளில் பல மறுபடி மேலே போவதில்லை; நீரோட்டத்தை எதிர்த்து இழுத்துச் செல்கிற செலவைவிட, சரக்கு இறக்கிய கையோடு அவற்றை உடைத்துப் பலகையாகவும் விறகாகவும் விற்றுவிடுவது லாபம் என்பதால், படகு உடைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் பாரிஸின் கரைகளில் இருந்தார்கள். பாரிஸுக்குத் தென்கிழக்கில் இருப்பது மோர்வான் காடு. அங்கிருந்து தெப்பமாகக் கட்டி மிதக்கவிட்ட மரக்கட்டைகளும் இதே நீர்வழியில்தான் வந்தன. பாரிஸின் அடுப்பெரிப்பும் குடியும் ஒரே ஆற்றில் இறங்கி வந்தன என்று சொல்லலாம்.

படகு கரையணைந்ததும், பலகைகளைச் சரித்து வைத்து, கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பீப்பாய்களை உருட்டி இறக்குவார்கள். பர்கண்டிப் பீப்பாய் ஒன்றில் 228 லிட்டர் கொள்ளும். மரத்தின் எடையும் சேர்ந்தால் 250 கிலோவுக்கு மேல். அதைத் தூக்குவது யாராலும் ஆகாது. உருட்டத் தெரிந்தவனோ, வயிறு புடைத்த அந்தப் பாத்திரத்தைச் சிறு பிள்ளையைத் தோளில் தட்டித் திருப்புவதுபோலத் திருப்பிவிடுவான். பீப்பாயின் வயிற்றில் உள்ள துளையை அடைத்திருக்கும் மரக்குமிழைப் பெயர்த்துவிட்டு, அளவுக்காரன் ஓர் இரும்புக் கோலைத் துளை வழியே சாய்வாக நுழைத்து, எதிர்மூலையின் அடியைத் தொடும்படி வைத்து, கோலில் ஈரம் எட்டிய குறியைப் படித்து, இத்தனை லிட்டர் என்று சொல்லிவிடுவான். ஒரே ஒரு சாய்கோட்டை அளந்து உருண்டையான பாத்திரத்தின் கொள்ளளவை எப்படிச் சொல்ல முடியும் என்ற சந்தேகம் வாசகருக்கு எழுந்தால் அவர் நல்ல சகவாசத்தில் இருக்கிறார்; தம் கலியாணத்துக்காக மது வாங்கியபோது வியாபாரி இப்படி அளப்பதைக் கண்டு திகைத்த வானசாஸ்திரி கெப்ளர், அதைப் பற்றியே ஒரு கணித நூல் எழுதி 1615-இல் வெளியிட்டார். அளவு முடிந்தபின் ருசி. வியாபாரியின் சட்டைப்பையிலிருந்து ஆழமில்லாத வெள்ளிக் கிண்ணம் ஒன்று வெளிவரும். அதன் அடியில் குமிழ் குமிழாக அடித்திருக்கும் வேலைப்பாடு அழகுக்காக அல்ல, இருண்ட நிலவறையில் ஒற்றைத் திரி வெளிச்சத்தைச் சிதறவைத்து மதுவின் நிறத்தைக் காட்டுவதற்காக. ஒரு மிடறு வாயில் சுழலும், தரையில் துப்பப்படும், விலை பேசப்படும்.

இந்த வியாபாரத்தோடு ஒட்டி வளர்ந்தது இன்னொரு வியாபாரம். மதிலுக்கு உள்ளே குடிப்பதைவிட வெளியே குடிப்பது மலிவு என்னும்போது, ஞாயிற்றுக்கிழமையன்று பாரிஸ் நகரத்துத் தொழிலாளி எங்கே போவான்? மதிலின் வாயில்களுக்கு வெளியே நாலா புறமும் ‘கேங்கெத்’ எனப்படும் குடிமனைகள் முளைத்தன. பெர்சியின் நதிக்கரையிலும் அவை வரிசையாக நின்றன. புளிப்பான இளமது ஒன்றின் பெயரிலிருந்து அச்சொல் வந்ததென்பர். பந்தலும், மரநிழலும், பிடிலும், நடனமும், சேன் நதியின் சிறு மீன்களை மாவில் தோய்த்துப் பொரித்த பொரியலும், விலாங்கு மீனைச் செம்மதுவில் இட்டுக் காய்ச்சிய ‘மாத்லோத்’ என்ற குழம்பும் அங்கே கிடைக்கும். நம் சின்ன வெங்காயத்துக்கு உறவான எஷலோத்தைப் பொடியாக நறுக்கி, வெண்மதுவில் சுண்டக் காய்ச்சி, மீன் வேகவைத்த சாறும் வெண்ணெயும் சேர்த்துச் செய்கிற ஒரு சேர்மானத்தைப் பிரெஞ்சுப் பாகசாஸ்திரம் இன்றும் ‘பெர்சி’ என்றே அழைக்கிறது. ஊர் மறைந்து, குடிமனைகள் மறைந்து, அடுப்பும் அணைந்த பிறகு, சட்டியில் மட்டும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சுங்கத்தாரும் சும்மா இருக்கவில்லை. உப்புவரிக்காரருக்கு முன்னாளில் இருந்த வசைப்பெயரை நகர வாயிற்காவலருக்கும் வைத்து ‘கபெலூ’ என்று ஜனங்கள் அழைத்தார்கள். மதுக்கிடங்குகளில் புகுந்து சோதிக்கிற வரி உத்தியோகஸ்தருக்கு ‘நிலவறை எலி’ என்று பெயர். வைக்கோல் வண்டி வந்தால் நீண்ட இரும்புக் கம்பியை உள்ளே குத்திப் பார்ப்பார்கள். இரட்டையடி வைத்த வண்டிகளும், ஆடைக்குள் மறைத்த தோற்பைகளும், மதிலின் அடியில் பூமிக்குள் புதைத்த குழாய்களும் கண்டுபிடிக்கப்பட்டன. எனக்கு இவ்விஷயத்தில் அனுதாபம் எந்தப் பக்கம் என்று கேட்டால், ஆஸ்பத்திரிக்காக வாங்கிய வரி என்பதை ஒப்புக்கொண்டும், குழாய் புதைத்தவன் பக்கம்தான் மனம் சாய்கிறது. சம்பளத்துக்குத் தக்கபடி அல்லாமல் தாகத்துக்குத் தக்கபடி போடுகிற வரி, ஏழையின்மேல்தான் பளுவாக இறங்கும்.

ஊருக்கு விபத்துகளும் வந்தன. 1820-ஆம் ஆண்டின் கோடையில் கிடங்குகளில் தீப்பிடித்தது. மரக்கட்டடமும், அதற்குள் மதுவும் சாராயமும் என்றால் சொல்ல வேண்டியதில்லை. எரிந்தவற்றைத் திரும்பக் கட்டினார்கள். 1820-களின் மத்தியில் ஊருக்கென்று மாதா கோயில் ஒன்று எழுந்தது. 1832-இல், தலைக்கு இத்தனை என்று சுங்கம் வாங்குகிற தொங்குபாலம் ஒன்று நதியின் குறுக்கே அமைந்தது. மாளிகையின் நந்தவனத்தைத்தான் காலம் ஈவிரக்கமில்லாமல் துண்டாடிற்று. 1840-களின் தொடக்கத்தில் தியேர் என்ற மந்திரியின் முயற்சியால் பாரிஸைச் சுற்றி, பழைய சுங்க மதிலுக்கு வெகுதூரம் வெளியே, யுத்த அரணாக இரண்டாவது மதில் கட்டினார்கள். அது அத்தோட்டத்தின் ஊடே சென்றது. சில ஆண்டுகளில் லியோன் நகரத்துக்குப் போகும் ரயில் பாதையும் அதே தோட்டத்தை அறுத்துக்கொண்டு ஓடியது. மாளிகை 1861-இல் இடிக்கப்பட்டது.

இரண்டாவது மதில் எழுந்த அன்றே பெர்சியின் விதி எழுதப்பட்டுவிட்டது எனலாம். சுங்க மதிலுக்கும் யுத்த மதிலுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்ட ஊர்கள், பெயருக்குத் தனியாக இருந்தனவேயன்றி, பார்வைக்குப் பாரிஸின் அங்கமாகிவிட்டன. மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தியும், சேன் ஜில்லாவின் அதிகாரி ஓஸ்மானும், நகரத்தை இடித்துக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. வாடகை ஏறிய நகரத்திலிருந்து ஏழைகள் வெளியேறி இவ்வூர்களை நிரப்பினார்கள். தெருவும் விளக்கும் சாக்கடையும் போட இச்சிறு சபைகளுக்குச் சக்தி போதவில்லை. ஆகவே இணைத்துவிடுவது நலம் என்று சர்க்கார் தீர்மானித்தது. 1859-இல் ஊர்தோறும் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. பெர்சியின் மதுவியாபாரிகள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய புத்தி தேவையில்லை: தீர்வை எல்லையை யுத்த மதிலுக்குத் தள்ளினால் தங்கள் பிழைப்பின் மூலாதாரமே போய்விடும் என்பதுதான் அவர்களுடைய கட்சி. ஆனால் அக்காலத்தில் மேர்கள் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர், சர்க்காரால் நியமனம் பெற்றவர்கள். கேட்பது சம்பிரதாயம், முடிப்பது சட்டம். 1859 ஜூன் 16-ஆம் தேதிச் சட்டம், அடுத்த ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. மோன்மார்த்ர், பெல்வில், பஸ்ஸி, ஒத்தேய் முதலியவற்றோடு மொத்தம் பதினொரு கொம்யூன்கள் அன்று மறைந்தன. பன்னிரண்டு வட்டாரங்களாக இருந்த பாரிஸ் இருபது வட்டாரங்களாயிற்று. நகரத்தின் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் பெருகிற்று. பெர்சி முழுவதாகக்கூடப் போகவில்லை: யுத்த மதிலுக்கு உள்ளே இருந்த பகுதி பாரிஸின் பன்னிரண்டாம் வட்டாரத்துக்கும், வெளியே இருந்த பகுதி ஷராந்தோன் என்ற அண்டை ஊருக்கும் பாகம் பிரிந்தது.

இவ்விடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். வரியில்லை என்ற ஒரே காரணத்தால் வளர்ந்த ஊரில், வரி வந்தபிறகு வியாபாரிகள் கடையைக் கட்டிக்கொண்டு புதிய எல்லைக்கு வெளியே போயிருக்க வேண்டும். குடிமனைகள் அப்படித்தான் செய்தன: 1859 செப்டம்பரில் பாஸ்திய் சதுக்கத்திலிருந்து மார்ன் நதிப் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது, நோழான், ழுவான்வில் முதலிய கரையூர்களில் பந்தலும் பிடிலும் புதுக் குடித்தனம் தொடங்கின. மதுக்கிடங்குகள் நகரவில்லை. படித்துறை, பாலம், ரயில், பீப்பாய்த் தச்சர், கமிஷன் தரகர், வங்கிக் கடன் என்று இரண்டு தலைமுறையாக ஓரிடத்தில் சேர்ந்த சம்பத்தை எல்லைக்கோட்டோடு சேர்த்துத் தூக்கிப்போக முடியாது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், சர்க்கார் கொடுத்த சலுகை. கிடங்கில் இருக்கும் வரை தீர்வையில்லை, அங்கிருந்து வெளியேறிப் பாரிஸ்வாசியின் மேசைக்குப் போகும்போது மட்டும் தீர்வை, வேறூருக்குப் போனால் அதுவும் இல்லை என்ற ஏற்பாடு பெர்சிக்கும் கிடைத்தது. எதிர்க்கரையில் முதலாம் நெப்போலியன் காலத்தில் நிறுவிய சாந்த் பெர்னார் மதுச்சந்தைக்கு இருந்த முறைதான் இது. சுருங்கச் சொன்னால், மதிலைத் தள்ளி வைத்த சர்க்கார், பெர்சியின் கிடங்குகளைச் சுற்றி மட்டும் கற்பனையில் ஒரு மதிலை விட்டு வைத்தது. சில ஆண்டுகளுக்குப் பின் அக்கற்பனைக்குக் கம்பி வேலியும் வாயிலும் காவலும் உண்மையாகவே ஏற்பட்டன.

நகரசபை கிடங்கு நிலங்களைத் தன் கைவசம் எடுத்துக்கொண்டு, 1870-களின் இறுதியிலிருந்து லெரூ என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு புதிய பண்டகசாலைகளைக் கட்டுவித்தது. இரட்டைச் சரிவு ஓட்டுக் கூரையும், தடித்த கற்சுவருமாக, ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் தாழ்ந்த வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே கற்பாவிய தெரு. தெருவில் சரக்கு வண்டிகளுக்கான தண்டவாளம். வெயில் இறங்கி மது கெடாதபடி இருமருங்கும் பெரிய பிளாத்தான் மரங்கள். தெருக்களுக்கு வைத்த பெயர்கள் ஊர்ப் பெயர்கள்: மாக்கோன் தெரு, பொர்தோ தெரு, பொமார் தெரு, சாந்த் எமிலியோன் முற்றம். பிரான்சின் திராட்சைத் தோட்டங்கள் அனைத்தையும் ஒரு நாழிகையில் சுற்றி வரலாம். உலகத்திலேயே பெரிய மதுச்சந்தை இது என்று பாரிஸ்காரர்கள் பெருமை பேசினார்கள்.

1871-ஆம் ஆண்டின் கலகத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிக் கடக்கிறேன்: பாரிஸ் கொம்யூன் என்று பெயர் பூண்ட அந்த ஆட்சி வீழ்ந்த மே மாதத்து நாட்களில், மறைந்துபோன கொம்யூனாகிய பெர்சியின் கோயில் எரிந்தது, அதை முன்னிருந்த வடிவத்திலேயே திரும்பக் கட்டினார்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு பூச்சியாக வந்தது. 1860-களில் தென்பிரதேசத்தில் தோன்றிய ஃபில்லொக்ஸெரா, திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்று, முப்பது ஆண்டுகளில் பிரான்சின் தோட்டங்களைப் பாழாக்கிற்று. அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டவைத்துத் தோட்டங்களை மீட்டார்கள். அதன் பின் பெர்சிக்கு வந்த சரக்கு பழைய சரக்கன்று: தெற்கிலிருந்து ரயிலில் மெல்லிய மதுவும், அல்ஜீரியாவிலிருந்து ரூவான் துறைமுகம் வழியாகச் சேன் நதியில் கனத்த மதுவும் வந்து சேர்ந்தன. ஒன்றின் நீர்மையை மற்றொன்றின் காரத்தால் திருத்தி, சாமானிய மனிதனின் தினசரிக் குடிப்புக்கு ஏற்ற கலவை தயாரிப்பது பெர்சி வியாபாரியின் கலையாயிற்று. அக்கலையில் கிணற்றுக்கும் ஓரளவு பங்கு உண்டு என்று ஊரார் சிரித்தார்கள். நாணயமான வியாபாரிகளும் இருந்தார்கள். ஆனால் தண்ணீர் கலந்தவர்களைப் பற்றிய கதைகள்தான் நிலைக்கின்றன.

1910 ஜனவரியில் சேன் நதி கரைபுரண்டது. அவ்வெள்ளத்தின் புகைப்படங்களில், பெர்சியின் தெருக்களில் பீப்பாய்கள் நூற்றுக்கணக்காக மிதந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பதைக் காணலாம். படகில் வந்தவை மறுபடி தண்ணீர் கண்டதும் கிளம்பிவிட்டன போலும்.

பெர்சியின் மது உண்மையில் ஓய்ந்தது இணைப்பினாலன்று. மது, பீர் முதலியவற்றின்மீது பாரிஸ் வாங்கிய நுழைவுத் தீர்வை 1900-ஆம் ஆண்டின் முடிவோடு நீங்கிற்று. மிஞ்சியிருந்த ஒக்த்ருவா முழுவதும் 1943-இல் ஒழிந்தது. எந்த வரியைத் தவிர்ப்பதற்காக இக்கிடங்குகள் உண்டாயினவோ அந்த வரியே இறந்துவிட்ட பிறகும் அவை பழக்கத்தின் பலத்தால் நடந்தன. பின்னர், விளைந்த இடத்திலேயே புட்டியில் அடைத்து, விளைந்த ஊரின் பெயரைச் சட்டப்படி முத்திரையிட்டு விற்கிற வழக்கம் 1935-க்குப் பின் பரவிற்று. தொட்டி லாரிகள் வந்தன. பெரிய அங்காடிகள் வந்தன. நடுவே நின்று கலந்து கொடுக்க ஒரு பெர்சி எதற்கு என்ற கேள்வி எழுந்தது. 1960-களிலும் 70-களிலும் கிடங்குகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. மரங்கள் மட்டும் வளர்ந்தன.

அதற்குப் பிறகு நடந்தது, பழைய சொத்தைப் பங்கு வைப்பது போன்ற காரியம். 1984-இல், சுவர்களில் சரிவாகப் புல் வளர்த்த ஒரு பிரம்மாண்டமான விளையாட்டு அரங்கம் கிடங்குகளின் ஒரு பகுதியில் எழுந்தது. மீதியில் பெரும்பாகம் 1990-களில் பூங்காவாயிற்று. பழைய மரங்களில் பலவற்றை விட்டு வைத்தார்கள். பழைய தொழிலை நினைத்துச் சில நூறு திராட்சைக் கொடிகளையும் நட்டார்கள். லெரூவின் கிடங்குகளில் ஒரு வரிசையில், பழைய சந்தைகளின் குடைராட்டினங்களையும் மரக்குதிரைகளையும் சேர்த்து வைத்த காட்சிசாலை இருக்கிறது. சாந்த் எமிலியோன் முற்றத்தில் எஞ்சிய கிடங்குகள் இன்று கடைகளும் போஜனசாலைகளும். கற்பாவிய தரையில் தண்டவாளங்களை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். குழந்தைகள் அவற்றின்மேல் கைகளை விரித்துக்கொண்டு ஒற்றையடி வைத்து நடக்கின்றன. கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆனால் பீப்பாய் வாடை அடிக்காத பெர்சியைக் கிழக் கிடங்குக்காரர் ஒருவர் பார்த்தால், ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார் என்பது என் எண்ணம்.

நிதி அமைச்சகம் வந்த கதை ஒன்று பாக்கி. அது நெடுங்காலம் லூவ்ர் அரண்மனையின் ஒரு சிறகில் இருந்தது. அவ்வரண்மனை முழுவதையும் கலைக்கூடமாக்குவது என்று ஜனாதிபதி மித்தெரான் 1981-இல் அறிவித்ததும், கணக்குப் புஸ்தகங்களுக்கு வேறிடம் தேட வேண்டியதாயிற்று. ஷெமெதோவ், உயிதோப்ரோ என்ற இரு சிற்பிகள் திட்டமிட்ட புதிய கட்டடத்துக்கு 1989-இல் அமைச்சகம் குடிபெயர்ந்தது. பாலத்தைப் போல நீண்டு, சாலையைத் தாண்டி வந்து, சேன் நதியின் தண்ணீரிலேயே காலை ஊன்றி நிற்கிற அக்கட்டடத்தைச் சிலர் நகரத்தின் தலைவாசல் என்று புகழ்ந்தார்கள். சிலர் சுங்கச்சாவடி என்று ஏசினார்கள். ஏசியவர்கள் தாம் அறிந்ததைவிட அதிகம் உண்மை பேசினார்கள். அமைச்சகத்தை ஒட்டி ஓடும் பெர்சி பூல்வார் என்னும் அகன்ற வீதி, குத்தகைதாரர் கட்டிய பழைய மதில் நின்ற தடம். மதிலை 1860-க்குப் பின் இடித்துத்தான் அவ்வீதியை விரித்தார்கள். அவ்வீதியின் இரண்டு ஓரங்களில், விளையாட்டு அரங்கம் நிற்பது பெர்சி கிராமத்தின் மண். அமைச்சகம் நிற்பது எதிர்ப்பக்கம், மதிலுக்கு உட்புறம், சுங்கக் காவலர்கள் கம்பியோடு காத்திருந்த பக்கம்.